கேட்காமலே பாடியவர்கள்

நடுவர் அவர்களே! 'பக்தியை வளர்ப்பது வேண்டுதலா, வியப்பா?' என்று தலைப்பைக் கொடுத்து எங்களை மோத விட்டுவிட்டீர்கள். எதிரணி அம்மையார் என்ன சொன்னாங்க? "கொடுக்கிற சாமிக்குத்தான் பாட்டு, கொடுக்காத சாமியை யார் பாடுவா?" நீங்களும் கை தட்டினீங்க. பாடியிருக்கிறானே அய்யா! ஆயிரம் வருஷத்துக்கு மேலாகப் பாடிக்கொண்டிருக்கிறானே!

சமண சமயத்தில் தீர்த்தங்கரர்கள் 24 பேர். விருப்பு, வெறுப்பு இரண்டையும் வென்று வீடு பெற்றவர்கள். அவர்கள் உலகத்தைப் படைக்கவில்லை, வரமும் கொடுப்பதில்லை. அவர் முன்னால் நின்று 'பையனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடு' என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. ஆனாலும் அவருக்கு எத்தனை தோத்திரங்கள்!

ஏன் பாடணும்? இந்தக் கேள்வியைச் சமந்தபத்திரர் அன்றைக்கே எடுத்துக்கொண்டார். காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்துகிற சமண ஆசாரியர் அவர். 24 தீர்த்தங்கரரையும் பாடிய 'சுயம்பு ஸ்தோத்திரம்' வடமொழியில் அவர் செய்தது. அதில் வாசுபூஜ்யரைப் பாடும்போது சொல்கிறார்: புகழ்ந்தால் உனக்கு ஆவது ஒன்றுமில்லை, நீ பற்றற்றவன், இகழ்ந்தாலும் ஒன்றுமில்லை, உனக்குப் பகை கிடையாது. ஆனால் உன் குணங்களை நினைக்க நினைக்க என் மனசு அழுக்கு நீங்குகிறதே! இதுதான் அவர் கருத்து. பாட்டு சாமிக்கு இல்லீங்க, பாடுகிறவனுக்கு!

அம்மையார் எழுந்திருக்கிறாங்க. "பக்தாமர ஸ்தோத்திரம் பாடி மானதுங்கர் விலங்கு உடைந்ததே, அது வரமில்லையா?" என்கிறாங்க. நல்ல கேள்வி. ஆதிநாதரைப் பாடிய நூல் அது. திகம்பரர் 48 பாட்டு என்பார்கள். சுவேதாம்பரர் 44 என்பார்கள். அரசன் மானதுங்கரைப் பூட்டி வைத்தான், பாட்டுக்கு ஒரு பூட்டாகத் திறந்தது என்பது கதை. கதையைச் சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா மனிதனைக் கட்டுவது வினை என்கிற விலங்கு என்று சொன்ன சமயத்தில், அந்தப் பூட்டு எந்தப் பூட்டு என்பதையும் கொஞ்சம் யோசிங்க!

சமணர்கள் எதையுமே வேண்டுவதில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பத்மாவதி போன்ற இயக்கியரிடம் வேண்டுகிறவர்கள் உண்டு. மனுஷ மனசு அப்படி. ஆனால் தீர்த்தங்கரர் சந்நிதியில் பாட்டின் உயிர் வியப்புத்தான். நம்ம சிலப்பதிகாரத்தில், மதுரைக்குப் போகும் வழியில், நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் அருகனைத் துதிக்கிறாரே! என் காது, என் நாக்கு, என் கண், என் கை எல்லாம் அவனுக்கே என்கிறார். 'எனக்கு இதைக் கொடு' என்று ஒரு வார்த்தை உண்டா? தேடிப் பாருங்க!

என் கதை ஒன்று சொல்கிறேன். எங்கம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த 11 நாளும் நான் சாமியிடம் பேரம் பேசினேன். 'பிழைக்க வை, மொட்டை போடறேன்.' அம்மா போயிட்டாங்க. இரண்டு வருஷம் நான் கோயில் வாசலை மிதிக்கலை. சரக்கு வரலைன்னதும் கடையை மாத்துகிற மாதிரி! சமந்தபத்திரரைப் படித்த அன்றுதான் வெட்கப்பட்டேன். நான் செய்தது பக்தி இல்லை, வியாபாரம்.

மயிலாப்பூர் நேமிநாதரை அவிரோதியாழ்வார் 'திருநூற்றந்தாதி'யில் பாடினார். கடல் கொண்டுவிடும் என்று அஞ்சி அந்தத் திருமேனியை மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோனார்கள் என்பது மரபு. வரம் கொடுக்காத சாமியை மனிதர்கள் சுமந்து காப்பாற்றினார்கள் அய்யா! அங்கே கோயில் இருந்த இடம் போச்சு; அந்தாதி நிற்கிறது.

அதனால் பக்தியை வளர்ப்பது வியப்பே! நடுவர் அவர்களே, 'எங்களுக்கே தீர்ப்புக் கொடுங்க'ன்னு கேட்க மாட்டேன். கேட்டா எதிரணி ஜெயிச்சிடும்!