தோள் இறங்கினால் இழுத்து விடலாமா? மூவாயிரம் ஆண்டு வைத்தியத்தின் கதை

நம் உடலில் மிக அதிகமாக நழுவும் பெரிய மூட்டு தோள்பட்டைதான். கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டுமே, அதற்காக அதன் கிண்ணம் ஆழமில்லாமல் அமைந்திருக்கிறது. ஷட்டில் ஆடும்போதோ ஈரப் படிக்கட்டில் விழும்போதோ கை எலும்பின் பந்து அந்தக் கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். உடனே யாராவது "நான் இழுத்து விடுறேன்" என்று முன்வருவார்கள். இந்த இழுப்புக்கு நீண்ட வரலாறு உண்டு.

எகிப்தில், சுமார் கி.மு. 1200-ஐச் சேர்ந்த இபுய் என்பவரின் கல்லறை ஓவியத்தில், வேலையிடத்தில் ஒருவர் இன்னொருவரின் தோளைச் சரிசெய்வதுபோல் ஒரு காட்சி இருக்கிறது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல், அடிபட்டவரைத் தரையில் படுக்கவைத்து, அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கச் சொல்கிறது. அடிக்கடி நழுவும் தோளுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அக்குளில் சூடு! தழும்பு இறுகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

1846-இல் ஈதர் மயக்க மருந்து வந்தது. இறுகிய தசையுடன் மல்லுக்கட்டும் தேவை குறைந்தது. 1870-இல் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர், முழங்கையை மடக்கி, கையை மெல்ல வெளிப்புறம் திருப்பி, முன்னே உயர்த்தி, பிறகு உட்புறம் திருப்பும் முறையை வெளியிட்டார். அதையும் முரட்டுத்தனமாகச் செய்தால் எலும்பு முறியும். 1895-இல் கண்டுபிடித்த எக்ஸ்ரே, முறிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே காட்டியது.

திரும்பத் திரும்ப நழுவுவது ஏன்? கிண்ணத்தின் விளிம்பிலிருந்து திசு கிழிந்து பிரிவதே முக்கியக் காரணம் என்று லண்டன் மருத்துவர் பாங்கார்ட் 1923-இல் எழுதினார். பிரிந்ததை மீண்டும் எலும்போடு தைப்பது அவர் காட்டிய வழி. இன்று அதையே சிறு துளை வழியாகச் செய்கிறார்கள். விளிம்பு எலும்பே தேய்ந்திருந்தால், பிரான்சின் லாட்டர்ஜே 1954-இல் விவரித்தபடி, பக்கத்து எலும்புத் துண்டை அங்கே பொருத்துகிறார்கள்.

ஆக, பலம் குறையக் குறையத்தான் வைத்தியம் வளர்ந்திருக்கிறது. நம் வளாகத்தில் யாருக்காவது தோள் இறங்கினால் இழுக்காதீர்கள். நரம்பும் ரத்தக்குழாயும் அருகிலேயே ஓடுகின்றன. கையை இருக்கும் நிலையிலேயே துப்பட்டாவால் தாங்கிக் கட்டி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். இளவயதினருக்கு மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம். தோள் கூடியதும் வலி போய்விட்டதென்று விட்டுவிடாமல், பயிற்சி போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.