முன்னால் வரும் தார், பின்னால் வரும் தார்

தால், அலிஃப், ரே. இந்த மூன்று எழுத்துகளும் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு ஒட்டாதவை. அதனால் அரபு எழுத்தில் 'தார்' என்று எழுதினால் மூன்றும் தனித்தனியே நிற்கும். கெய்ரோவில் எழுதினாலும் டெஹ்ரானில் எழுதினாலும் வடிவம் ஒன்றுதான். ஆனால் கெய்ரோக்காரர் அதை வாசித்ததும் 'வீடு' என்பார். டெஹ்ரான்காரர் 'தூக்குமரம்' என்பார். இன்னொரு சொல்லின் கடைசியில் கண்டால் 'உடையவர்' என்பார். ஒலி ஒத்துப்போனால் வேரும் ஒன்றுதான் என்று முடிவுகட்டுவது சொல்லாராய்ச்சியில் மலிந்துபோன பழக்கம். நம் தாசில்தார் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கும் இந்தச் சொல்லை வைத்து அதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் அரபு. வேர்முறையில் அடுக்கிய அரபு அகராதிகளில் இச்சொல்லை த-வ-ர என்ற வேரின் கீழ்தான் தேட வேண்டும். சுற்றுதல், சுழலுதல் என்பது அந்த வேரின் பொருள். வட்டத்துக்குத் 'தாயிரா' என்று பெயர். முறை, சுற்று என்பதற்குத் 'தவ்ர்'. அலுவலக மேலாளரை 'முதீர்' என்கிறார்கள். காரியங்களைச் சுழல வைப்பவர். இந்தக் குடும்பத்துக்குள் வீடு எப்படி வந்தது என்பதை அதே மொழியின் இன்னொரு வீட்டுச் சொல்லோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். 'பைத்' என்பது இரவைக் கழிக்கும் இடம். கூடாரமாகவும் இருக்கலாம், ஓர் அறையாகவும் இருக்கலாம். 'தார்' அப்படியல்ல. நடுவில் முற்றம், அதைச் சுற்றி அறைகள், எல்லாவற்றையும் வளைத்து ஒரு சுவர். பல பைத்கள் சேர்ந்தது ஒரு தார். நாம் வளைத்தலிலிருந்து வளாகத்தைப் பெற்றதுபோல் அவர்கள் சுற்றுதலிலிருந்து வீட்டைப் பெற்றிருக்கிறார்கள்.

சுவரைத் தாண்டியும் இந்தச் சொல் பரந்தது. ஃபூர் மக்களின் நிலம் தார்ஃபூர். 1860களில் சான்சிபார் சுல்தான் மஜீத் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் ஒரு நகரம் அமைத்து, தார் எஸ் சலாம், அமைதியின் இல்லம், என்று பெயர் வைத்தார். குர்ஆன் சொர்க்கத்தைக் குறிக்கும் பெயர்களில் ஒன்று அது. மொராக்கோவின் காசாபிளாங்காவுக்கு அரபுப் பெயர் 'அத்தார் அல்பைளா', வெள்ளை வீடு. அரபு இலக்கணத்தில் தார் பெண்பால்; அதனால்தான் வெண்மையைச் சொல்லும் அடைமொழியும் அங்கே பெண்பால் வடிவில் நிற்கிறது. நிறுவனங்களும் தார்களே: நூலகம், பதிப்பகம், கல்லூரி. இவற்றில் நெடுந்தூரம் போனது 'தார் அஸ்ஸினாஆ', தொழிற்கூடம். கப்பல் கட்டும் தளத்துக்கு வழங்கிய இந்தப் பெயரை மத்தியதரைக் கடல் வணிகத்தில் வெனிஸ்காரர்கள் கேட்டு வாங்கி ஆர்சனாலே ஆக்கினார்கள். ஆயுதக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கில ஆர்சனல் அதன் வழி வந்தது. 1886இல் லண்டன் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கால்பந்து அணியின் பெயருக்குள்ளும் ஓர் அரபு வீடு ஒளிந்திருக்கிறது.

பாரசீகத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே சொந்தமாகவே இரண்டு தார்கள் உண்டு. ஒன்று மரம். இன்றைய பாரசீகத்தில் மரத்துக்குத் 'திரக்த்' என்ற சொல்லே வழங்குகிறது. தார் என்று தனியே சொன்னால் தூக்குமரம். நாமும் மரத்தைக் கொண்டே தூக்குமரம், கழுமரம் என்கிறோம். 922இல் பாக்தாத்தில் கொல்லப்பட்ட மன்சூர் அல்ஹல்லாஜைப் பாரசீகக் கவிஞர்கள் திரும்பத் திரும்பத் தாரோடு சேர்த்தே பாடினார்கள். பழைய மரப்பொருள் கூட்டுச்சொற்களில் உயிரோடிருக்கிறது: மரங்கொத்தி 'தார்கூப்', கம்பளம் நெய்யும் சட்டம் 'தாரே காலி', லவங்கப்பட்டை 'தார்சீன்', அதாவது சீன மரம். இந்தக் கடைசிச் சொல்லை அரபு மருத்துவ நூல்கள் 'தார்ஸீனீ' என்று அப்படியே எடுத்துக்கொண்டன. அதில் வீட்டைத் தேடினால் வழி தவறும்.

மற்றது வினை. 'தாஷ்தன்', வைத்திருத்தல், உடைத்திருத்தல். 'தாரம்' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. ஒருவரின் உடைமை மொத்தத்தையும் 'தாரோ நதார்' என்பார்கள், இருப்பதும் இல்லாததும். இதன் பழமைக்குச் சாட்சி மேற்கு ஈரானில் பெஹிஸ்துன் மலைப்பாறையில் இருக்கிறது. கி.மு. 522இல் அரியணை ஏறிய டேரியஸ் அங்கே தன் பெயரைத் 'தாரயவவுஷ்' என்று வெட்டியிருக்கிறான். நன்மையைத் தாங்கிப் பிடிப்பவன் என்று பொருள்.

ஒரே மொழியில் இப்படி இரண்டு தார் ஏன்? விடை சமஸ்கிருதத்தில் இருக்கிறது. அங்கே மரம் 'தாரு'. தேவதாருவிலும் தாருகாவனத்திலும் நாம் அறிந்தது. தாங்குதல் 'த்ரு', தர்மம் அதன் பிள்ளை. தமிழில் இரண்டுக்கும் ஒரே தகரம் போடுகிறோம். சமஸ்கிருதத்திலோ முன்னது தவர்க்கத்தின் மூன்றாம் எழுத்து, பின்னது மூச்சு சேர்ந்த நான்காம் எழுத்து. ஈரானிய மொழிகளில் அந்த மூச்சொலி கழன்றுபோனது. வெவ்வேறாக இருந்த இரு வேர்கள் ஒரே ஒலிக்குள் வந்து விழுந்தன. அரபுத் தாருக்கும் இவற்றுக்கும் உறவே கிடையாது. அது செமித்தியக் குடும்பம், இது இந்தோ-ஐரோப்பியக் குடும்பம்.

பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் உண்டு, சொல்லின் இடம். அரபியில் உடைமைப் பொருள் முன்னே வரும், உடையவர் பின்னே. எனவே வீடான தார் சொற்றொடரின் தலையில் நிற்கும். பாரசீக வினைத்தார் வாலில்தான் ஒட்டும்: 'கானாதார்', வீட்டைப் பார்த்துக்கொள்பவர். வீடு என்பதற்கு அங்கே 'கானா' இருக்க, தார் வெறும் பிடிமானமாக வருகிறது. 1851இல் அமீர் கபீரின் முயற்சியால் டெஹ்ரானில் திறந்த உயர்கல்விக்கூடத்துக்குத் 'தாருல் ஃபுனூன்' என்று பெயர். பாரசீக மண்ணில் அரபுத் தார், அதனால் முன்னால். தார்சீன் போன்ற மரச்சொற்கள் மட்டும் இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்கின்றன.

இரண்டும் நேருக்கு நேர் மோதிய இடம் மம்லூக் கால எகிப்து. 1250 முதல் 1517 வரை ஆண்ட அந்தச் சுல்தான்களின் அரசவையில் பதவிப் பெயர்கள் பல அரபும் பாரசீகமும் கலந்தவை. ஆயுதம் ஏந்துபவர் 'ஸிலாஹ்தார்'. மைக்கூடு ஏந்துபவர் 'தவாதார்'. மைக்கூடு என்றதும் எளிய வேலை என்று எண்ண வேண்டாம். அரசாணைகள் அவர் கைவழியே போயின. அவர் செய்வித்த பித்தளைப் பாத்திரத்திலும் பள்ளிவாசல் விளக்கிலும் வட்டத்துக்குள் ஒரு பேனாப்பெட்டி சின்னமாக இருக்கும். ஆயுததாரிக்கு வாள் சின்னம்.

அரண்மனைச் செலவுகளைக் கவனித்த அதிகாரி 'உஸ்தாதார்'. இந்தப் பெயரில்தான் அந்தக் கால எழுத்தர்களே தடுமாறினார்கள். 'உஸ்தாத் அத்தார்', வீட்டின் தலைவர், என்று பிரித்துப் பலர் எழுதினார்கள். வேலையும் வீட்டு நிர்வாகம், பொருளும் கச்சிதமாகப் பொருந்துகிறது; அரபு பேசுபவருக்கு வேறென்ன தோன்றும்? கெய்ரோ அரசுச் செயலகத்தில் பணிபுரிந்து 1418இல் மறைந்த அல்கல்கஷந்தீ இதை ஏற்கவில்லை. எழுத்தர்களுக்கென்று தொகுத்த 'ஸுப்ஹுல் அஃஷா' என்ற பெருநூலில், இரு பகுதிகளும் பாரசீகம், முன்னது வாங்குதல், பின்னது பிடித்திருப்பவர், பணத்தை வாங்கி வைப்பவர் என்பதே பொருள் என்று எடுத்துக்காட்டி, வீடு என்று கொள்வதைத் தவறு என்கிறார். முற்பகுதிக்கு அவர் தரும் விளக்கத்தை ஒருவர் மறுக்கலாம். ஆனால் கேட்பதற்கு மிக இனிமையாகப் பொருந்திய விளக்கத்தை, அதே பாணியில் அமைந்த தவாதாரையும் ஸிலாஹ்தாரையும் அருகில் வைத்து அவர் சோதித்தார். அறுநூறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் கறார் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வால் தார் துருக்கியிலும் பரவியது. கணக்கு அதிகாரி தெஃப்தர்தார். கொடி ஏந்துபவர் பைரக்தார். உக்ரைன் போர்ச் செய்திகளில் அடிபட்ட ட்ரோன் அந்தப் பெயருடையது. இந்தியாவில் முகலாயர், தக்காணச் சுல்தான்கள், மராட்டியர், ஆற்காட்டு நவாப் என்று ஒவ்வொருவர் கச்சேரி வழியாகவும் அது பரவியது; கம்பெனிக்காரர்கள் அதைக் கைவிடவில்லை. தாசில்தாரில் தஹ்ஸீல் அரபு, வசூல் என்று பொருள், தார் பாரசீகம். மிராசுதாரின் மிராசும் அரபுதான், பிதுரார்ஜிதம். ஜமீன்தாரில் இரண்டும் பாரசீகம். சிரஸ்தேதாரின் 'சர்ரிஷ்தா' நூலின் நுனி. கோப்புக் கட்டின் நுனியைக் கையில் வைத்திருந்தவர் அவர்.

தமிழ் இந்த வாலைத் தனியே கழற்றி எடுத்துக்கொண்டது. மரியாதை விகுதி சேர்த்துத் 'தாரர்' ஆக்கி, குத்தகைதாரர், ஒப்பந்ததாரர், விண்ணப்பதாரர், பங்குதாரர் என்று நம் சொற்களோடே ஒட்டிவிட்டோம். நீதிமன்றத்தில் தினமும் மனுதாரர் அழைக்கப்படுகிறார். பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். இதே வேரின் சமஸ்கிருதப் பிள்ளையான 'தாரி' நமக்கு முன்பே வந்திருந்தது: வேடதாரி, ஆயுததாரி, சூத்திரதாரி. அண்ணன் தம்பி இருவரும் வேறு வேறு வழியில் வந்து தமிழில் வேலையையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். உடலில் தரிப்பதற்கும் கையில் ஏந்துவதற்கும் தாரி. பத்திரம், பதவி, உரிமை, பாக்கி என்று காகிதத்தோடு தொடர்புள்ளவற்றுக்குத் தாரர். வாகனம் வாங்கியவர் கடன்தாரர் ஆகிறார், கடன்தாரி ஆவதில்லை.