ரோட்டுக்கு ஆறு நாள்

கொழும்பு–கண்டி ரோட்டில், கடுகண்ணாவைக் கணவாயில் ஒரு கோபுரம் நிற்கிறது. ரோடு போட்ட பொறியாளர் கேப்டன் டாசனின் (இறப்பு: 1829) நினைவுச்சின்னம். போட்ட ரோட்டை வருஷா வருஷம் கல் கொத்திச் செப்பனிட்டவர்களுக்கு அங்கே கோபுரம் எதுவுமில்லை. வரலாறு கட்டியவற்றின் கதையாகவே எழுதப்படுகிறது. பராமரிப்பு அதன் மௌனம்.

கல்லுடைத்துப் பரப்பிக் கெட்டித்த ரோட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். ஓரக் கால்வாய் தூர்ந்தால் மழைநீர் அடியில் இறங்கும், மண் இளகும். காப்பி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரம் அதில் தடம் அறுக்கும். தடத்தில் மறுபடி தண்ணீர். ஆக, ரோடு ஒரு தடவையோடு முடிகிற காரியமல்ல. ஓயாமல் ஆள் வேணும். யார் அந்த ஆள்?

கவர்னர் பார்ன்ஸ் (1824–31) கண்டி அரசர்களின் ராஜகாரியம் என்ற ஊழிய முறையையே ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார். கோல்புரூக்கின் பரிந்துரைப்படி 1830களின் தொடக்கத்தில் அது ஒழிந்தது. தாராளவாதத்தின் வெற்றி என்றார்கள். தோட்டங்கள் பெருகின, ரோடுகளும் பெருகின. 1848இல் கவர்னர் டோரிங்டன் ரோட்டுச் சட்டம் கொண்டுவந்தார். 18 முதல் 55 வயதுவரையான ஆண்கள் வருஷத்துக்கு ஆறு நாள் ரோட்டில் உழைக்க வேண்டும். அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். பிக்குகளும் முதலில் இதற்கு விலக்கல்ல.

ராஜகாரியம் நிலத்தோடும் சாதியோடும் பிணைந்திருந்தது. புதிய சட்டம் நேரே உடலின்மீது விழுந்தது, அதுவும் சமத்துவத்தின் பெயரால். துரைக்கும் ஆறு நாள், சேனைப் பயிர் செய்கிறவனுக்கும் ஆறு நாள். காசு இருக்கிறவன் கட்டிட்டுப் போயிடலாம். இல்லாதவன் உடம்பைக் கொடுக்கணும். ரோட்டில் போனதோ துரையின் காப்பி.

துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரியோடு இதுவும் சேர, 1848 ஜூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் வெடித்தது. ராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். டோரிங்டன் பதவியிழந்தார். ரோட்டு வரி மட்டும் போகவில்லை. இளம் லங்கா சங்கத்தாரின் எதிர்ப்புக்குப் பிறகு, 1920களில்தான் அது தொலைந்தது. பின்னாளில் அந்த ரோடுகளில் கல்லுடைத்த கைகளில் இந்தியாவிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர் கைகள் நிறைய.

குழி விழுந்த ரோட்டைப் பார்த்ததும் காண்ட்ராக்டரின் ஊழலைப் பேசி நிறுத்திக்கொள்கிறோம். அது பேச வேண்டியதுதான். அதற்கு முந்திய கேள்வி ஒன்றும் இருக்கிறது: ரோட்டைத் தேய்க்கிற பாரம் யாருடையது, தேய்ந்ததை அடைக்கிற உடம்பு யாருடையது?