‘நான் யார்?’ பிறந்த கதை

1902-ஆம் ஆண்டு. தென்னார்க்காடு கலெக்டர் ஆபீசில் ரெவின்யூ உத்தியோகம் பார்த்துவந்த சிவப்பிரகாசம் பிள்ளை, வேலை நிமித்தமாகத் திருவண்ணாமலை வந்தார். தத்துவம் படித்த பட்டதாரி. ‘நான்’ என்பது எது என்ற கேள்வி படிக்கிற காலத்திலிருந்தே அவரைக் குடைந்துகொண்டிருந்தது. (பட்டா யார் பெயரில் என்று நாளெல்லாம் விசாரிக்கிற இலாகாவுக்கு ஏற்ற கேள்விதான்.) மலைமேல் விரூபாட்ச குகையில் ஓர் இளம் சாமி இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏறிப்போனார்.

சாமிக்கு வயது 22. திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன்; பின்னாளில் ரமணர். 1896-இல் மதுரையில் திடீரென்று மரணபயம் பிடிக்க, சாவது எது என்று தனக்குள்ளேயே பார்த்துவிட்டு, சில வாரங்களில் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர். அப்போது அவர் பேசுவதில்லை. மௌன விரதம் என்று எடுத்துக்கொண்டதல்ல; பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிள்ளை கேட்கக் கேட்க மணலிலும் சிலேட்டிலும் காகிதத் துண்டிலும் எழுதிக் காட்டினார்.

நான் யார், முக்தி எப்படி என்பதில்தான் கேள்விகள் ஆரம்பித்தன. மூச்சடக்குவது, மூர்த்தி தியானம், மந்திர ஜபம் எல்லாம் மனத்தை அடக்கத் துணை செய்யும், அழிக்காது. எண்ணம் எழும்போதெல்லாம் அது யாருக்கு எழுந்தது என்று கேட்டு, கேட்பவனையே தேடி உள்ளே திரும்பு என்பதே பதிலின் சாரம். அந்த விசாரமும் மிஞ்சாது என்பதற்கு ரமணர் சொன்ன உவமை சுடுகாட்டிலிருந்து வந்தது: பிணத்தைக் கிளறி எரிக்கிற தடி கடைசியில் தானும் எரிந்துபோகும்.

பிள்ளை அந்தப் பதில்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவை ‘நான் யார்?’ என்ற நூலாக அச்சேற 1923 வரை ஆயிற்று. உடம்பு, புலன்கள், பிராணன், மனம் என ஒவ்வொன்றாக ‘நான் அல்ல’ என்று கழித்துக்கொண்டே போகும் நீண்ட பட்டியல் ஒன்று அதில் உண்டு. பலருக்கும் மனப்பாடமான பகுதி அதுதான். ஆனால் அது ரமணர் எழுதிக் காட்டியதல்ல. வேதாந்தம் படித்த பிள்ளை தமக்குத் தெளிவாகட்டும் என்று சேர்த்துக்கொண்டது. ரமணர் அதை அடித்துவிடவில்லை. எனக்கென்னவோ அந்தப் பட்டியல் கொஞ்சம் வழிமாற்றுகிறது. ‘நான் அல்ல, நான் அல்ல’ என்று ஓதிக்கொண்டே ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிடலாம். நூலின் மற்ற பக்கங்கள் ஓதச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கின்றன.

சில வருஷங்கள் கழித்து ரமணரே கேள்விகளை எடுத்துவிட்டு முழுவதையும் கட்டுரையாக மாற்றி எழுதினார். பிள்ளை கேட்டிராத ஒரு பத்தியைத் தொடக்கத்தில் சேர்த்தார்: எல்லா உயிரும் துக்கமில்லாத சுகத்தையே நாடுகிறது, தினமும் தூக்கத்தில் அதை அனுபவிக்கிறது, அது தன் சுபாவமே என்பதால் தன்னை அறிய வேண்டும். முக்தி என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்குகிறவர்கூட இந்த வாசல் வழியாக உள்ளே வரலாம். கேள்வி-பதில், கட்டுரை இரண்டு வடிவமும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. முதன்முறை படிப்பவருக்கு நான் கட்டுரையைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.