டென்மார்க் பன்றி கற்பித்த பாடம்

அஸ்ஸாமிலும் நாகாலாந்திலும் அலுவல் நிமித்தம் வாழும் நேயர்கள், வீட்டுப் புறக்கடையில் மூங்கிற்பட்டி அமைத்துப் பன்றி வளர்ப்போரை நாள்தோறும் காண்கின்றனர். அங்கே பல குடும்பங்களுக்கு அப்பிராணியே சேமிப்பு. நம்மவருள் சிலர் முகஞ்சுளிக்கும் அப்பிராணியைப் பற்றி ஐரோப்பாவில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியின் வரலாறு, எல்லோரும் அறியத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்கத் தானியம் மலிந்து ஐரோப்பியச் சந்தையை நிறைத்தது. தானியம் விற்று வாழ்ந்த டென்மார்க் குடியானவர்கள் கால்நடை வளர்ப்புக்குத் திரும்பினர். கூட்டுறவுப் பாற்பண்ணைகளில் வெண்ணெய் எடுத்தபின் எஞ்சிய பால் பன்றிக்குத் தீவனமாயிற்று. 1887-ஆம் ஆண்டில் ஜெர்மனி, நோய்க்கு அஞ்சி, டென்மார்க்கின் உயிர்ப்பன்றிகளைத் தடை செய்தது. கதவு ஒன்று மூடவே மற்றொன்றைத் தட்டினர் டேனியர். அதே ஆண்டில் ஹோர்சென்ஸ் நகரில் கூட்டுறவு இறைச்சிச் சாலை தோன்றிற்று. ஆங்கிலேயரின் காலை உணவுக்கான உப்பிட்ட பன்றியிறைச்சி அங்கிருந்து கப்பலேறியது.

ஆங்கிலேயர் விரும்பியதோ கொழுப்புக் குறைந்த, நீண்ட உடற்பன்றியின் இறைச்சி. அத்தகைய இனத்தை உருவாக்க, 1907-ஆம் ஆண்டு முதல் சோதனை நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஒரே ஈற்றைச் சேர்ந்த நான்கு குட்டிகளை அங்கே அனுப்புவர். அவற்றுக்கு ஒரே முறையில் தீவனமிட்டு, எவ்வளவு தீவனத்துக்கு எவ்வளவு எடை கூடிற்று என்று கணக்கெழுதுவர். பின்னர் அறுத்து, உடலின் நீளத்தையும் முதுகுக் கொழுப்பின் கனத்தையும் அளப்பர். குட்டிகளின் கணக்கைக் கொண்டே பெற்றோரின் தகுதி தீர்மானிக்கப்பட்டது. கண்ணால் பார்த்து மதிப்பிடும் பழைய வழக்கத்தை விட்டு, சந்ததியை அளந்து தேர்ந்தெடுக்கும் இம்முறையைப் பிற நாடுகளும் பின்பற்றின. தீவனச் செலவு குறைந்தது, தசை பெருகியது.

ஆயினும் அளக்கப்படாத ஒன்று மறைவில் வளர்ந்து வந்தது. 1953-ஆம் ஆண்டில் டேனிய ஆராய்ச்சியாளர் லுட்விக்சென், சில பன்றிகளின் இறைச்சி வெளிறித் தளர்ந்து நீர் கசிவதை விவரித்து எழுதினார். உயிர் போனபின் தசையில் அமிலம் சேர்வது இயல்பே. அது மெல்லச் சேர வேண்டும். இப்பன்றிகளிலோ உடற்சூடு தணியுமுன்பே அமிலம் மிகுந்து புரதத்தைச் சிதைத்தது. வண்டியில் ஏற்றிச் செல்லும்போதே, அச்சத்தாலும் வெப்பத்தாலும் உடல் விறைத்து மாண்ட பன்றிகளும் உண்டு. தசை மிகுந்த பெல்ஜியப் பியத்ரேன் இனத்தில் இக்குறை பரவலாயிருந்தது. திறனை நாடிய தேர்வு, பிராணியின் நலனையும் இறைச்சியின் தரத்தையும் ஒருசேரக் குலைத்துவிட்டது.

பரிகாரமும் ஆராய்ச்சியினின்றே பிறந்தது. 1974-ஆம் ஆண்டில் நெதர்லாந்து அறிஞர் இருவர், ஹாலோதேன் என்னும் மயக்க மருந்தைக் குட்டிகள் சில நிமிடம் சுவாசிக்கச் செய்தால், குறையுள்ளவை கால் விறைத்துத் தம்மைக் காட்டிக்கொடுக்கும் எனக் கண்டனர். 1991-ஆம் ஆண்டில் கனடா நாட்டு அறிஞர் குழு, தசையில் சுண்ணாம்புச் சத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை ஐந்து இனங்களில் கண்டது. அதன்பின் இரத்தச் சோதனையாலேயே குறையை அறிந்து விலக்க முடிந்தது.

மனிதருக்கும் இதனால் நன்மை விளைந்தது. அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்ததும் உடல் கொதித்து மாளும் அரிய நோய் சில குடும்பங்களில் உண்டு. அதற்கு டான்ட்ரோலீன் மருந்து பயன்படும் என்பதை, 1975-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஹாரிசன் இத்தகைய பன்றிகளிடமே கண்டறிந்தார்.

அரசாங்க அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில், 'திறன்' என்னும் சொல்லை நான் அடிக்கடி எழுத நேர்கிறது. எழுதும்போதெல்லாம், எதனை அளந்து இச்சொல்லைச் சொன்னார்கள், எதனை அளக்காமல் விட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். டேனியரின் அளவுகோல் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தந்தது. கேளாத கேள்விக்குரிய விலையைப் பன்றிதான் செலுத்திற்று.