ஓதத்துக்கு வழி விட்ட பூச்சு

வாசலில் புதிதாகச் சிமெண்டுக் கல் பாவியவர்கள் அடுத்துக் கேட்பது, மேலே என்ன சீலர் அடிக்கலாம் என்பதுதான். கடையில் இருப்பவை எல்லாம் ஒரே வாக்குறுதியைத் தருகின்றன: தண்ணீர் உள்ளே இறங்காது. பினாங்கின் ஜார்ஜ் டவுனைப் போல ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை கொட்டும் கடலோர ஊரில் அந்த வாக்குறுதிக்கு மயங்காதவர் குறைவு. ஆனால் இதே ஊரின் இருநூறு ஆண்டுக் கட்டட வரலாறு வேறு கணக்கைச் சொல்கிறது. மழையைத் தடுக்கும் பொறுப்பைப் பழைய கட்டுநர்கள் பூச்சின் தலையில் கட்டவில்லை. அதைக் கூரையிடமும் சரிவிடமும் சாக்கடையிடமும் விட்டார்கள். அடியிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழி விடுவதுதான் பூச்சின் வேலையாக இருந்தது. இந்தப் பங்கீடு குலைந்த இடங்களில்தான் சுவரும் தரையும் கெட்டன. சீலர் தேர்வுக்கும் அதுவே அளவுகோலாக வேண்டும் என்பது என் கருத்து.

1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியபோது கோட்டைக்குக்கூட நிபோங் மரக் கழிகள்தான் கிடைத்தன. மரமும் ஓலையும் போய்ச் செங்கல்லும் சுண்ணாம்பும் வந்ததில் இந்தியக் கைகளுக்குப் பெரும் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே நாடுகடத்திய இந்தியக் கைதிகள் சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அவர்களின் உழைப்பில் நின்றது. 1801-இல் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833-இல் குயின் ஸ்திரீட்டில் எழுந்த மாரியம்மன் கோயிலும் இதே செங்கல்-சுண்ணாம்புக் காலத்தவை. இவற்றின் செங்கல் மிருதுவானது, நீரை எளிதில் உறிஞ்சுவது. பழைய கடைவீடுகளின் அடித்தளத்திலோ ஈரத்தை மறிக்கும் தடுப்பு எதுவும் கிடையாது. கடல் மட்டத்தை ஒட்டிய மண்ணில் நிற்கும் சுவர், நிலத்தடி நீரையும் அதில் கரைந்த உப்பையும் ஆண்டு முழுக்க மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். சுவரின் இரு முகத்திலும் சுண்ணாம்புக் காரை இருந்தவரை அந்த ஈரம் காரையின் நுண்துளை வழியே காற்றில் கலந்தது. உப்பு காரையின் மேல் பூத்தது. காரை பொரிந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினார்கள், செங்கல் தப்பியது.

இந்தச் சுண்ணாம்பு வேலையின் நுணுக்கத்தை, பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் கைதிகளை மேற்பார்த்த மேஜர் மெக்நேர் 1899-இல் வெளியான தம் நூலில் பதிந்து வைத்தார். அவர் விவரிப்பது சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூ பேராலயத்துக்குப் பூசிய சென்னைச் சுண்ணாம்பை. மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவையும் கரட்டுச் சர்க்கரையையும் கலந்து களியாக அடிப்பார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை அதில் சேர்ப்பார்கள். பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து, மாக்கல் பொடி தூவி மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பளபளப்பு தெரிந்ததே. அப்படியானால் அதுவும் ஒரு சீலர்தானே, பழையவர்களும் துளையை அடைத்தவர்கள்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் மெருகு துளையைச் சிறிதாக்குமே தவிர, பிசின் படலம் போல மூடிவிடாது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மீண்டும் கல்லாகிறது; அந்தக் கல்லில் ஆவி போக இடமுண்டு.

பூச்சை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்கு முதலில் போட்டது தட்டைக் கூரை. பினாங்கு மழைக்கு அது ஈடுகொடுக்காததால் 1864-இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். நீர் தேங்கும் இடத்தைக் காக்கப் பூச்சால் ஆகாது, சரிவுதான் காக்கும் என்பதே அந்த மாற்றம் சொல்வது. சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-இல் அந்த ஊருக்கு வகுத்த திட்டத்தில் இடம்பெற்று, பிறகு பினாங்குக் கடைவீதிகளிலும் நிலைத்த ஐந்தடி நடைபாதையும் இதே வேலையைச் செய்தது. கூரை முன்னால் நீண்டு மழையைச் சுவரிலிருந்து விலக்கியது. நடைபாதையின் சுட்ட மண் ஓடுகளும் கருங்கல் பலகைகளும் எந்தப் படலமும் இல்லாமல் நனைந்து, உலர்ந்து, தேய்ந்தன.

இந்தப் பங்கீட்டைக் குலைத்தது சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும். 1966-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடைவீடுகளின் வாடகையைக் கட்டிப்போட்டது. பழுதுபார்க்க வீட்டுக்காரருக்கு ஊக்கம் இல்லை. 2000-த்தின் தொடக்கத்தில் கட்டுப்பாடு நீங்கியது, 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஊர் இடம்பெற்றது. கைவிட்ட வீடுகள் விடுதியும் காப்பிக்கடையுமாயின. விரைவாகவும் பளிச்சென்றும் முடிக்க நினைத்தவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சும் அக்ரிலிக் வண்ணமும் கைகொடுத்தன. விளைவு இடுப்பளவு உயரத்தில் தெரியும்: வண்ணம் கொப்புளித்து நிற்கும், விரலால் அழுத்தினால் உள்ளிருந்து செங்கல் தூள் உதிரும். வெளியேற வழியற்ற ஈரம் சுவரில் இன்னும் உயரே ஏறுகிறது. உப்பு பூச்சின் மேல் பூக்காமல் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது. வேர்த்த உடம்பில் பிளாஸ்டிக் சட்டை போட்ட கதைதான். லீத் ஸ்திரீட்டிலுள்ள சியோங் ஃபாட் ட்சே மாளிகையைப் புதுப்பித்தவர்கள் வேறு வழியில் போனார்கள். கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவின் வழிகாட்டலில், அவுரி நீலம் கலந்த சுண்ணாம்பையே சுவருக்கு அடித்தார்கள். அந்தப் பணிக்கு 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது.

சுண்ணாம்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இன்றைய கூலிக்கு அது கட்டுமா என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த நம் வழக்கத்தின் பொருளாதாரம் அதுதான்: மலிவான பூச்சு தேய்ந்து, விலைமதிப்புள்ள சுவர் நிற்கும். உறுதியான பூச்சு நின்று சுவர் உதிர்ந்தால் அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு ஆட்சேபம், பழைய செங்கல்லும் இன்றைய கான்கிரீட் கல்லும் ஒன்றல்ல என்பது. உண்மை. அழுத்தி வார்த்த கான்கிரீட் ஈரத்தால் உதிர்ந்துவிடாது. சீலரே இல்லாமல் பல்லாண்டு கிடக்கும். ஆனால் அதன் அடியில் மணல், மணலுக்கு அடியில் ஈர மண். மேலே அக்ரிலிக் படலம் அடித்தால் கீழிருந்து வரும் ஆவி அதன் அடியில் சிக்கி வெளுக்கிறது. உப்பு பூத்துப் படலம் உரிகிறது. மழையில் கால் வழுக்குகிறது. எண்ணெய்க் கறையைத் தடுப்பதில் படலம்தான் கெட்டி என்பது சரியே, ஆனால் காய்ந்த அடித்தளம் உள்ளவருக்கே அந்த ஆதாயம். சிலேன், சிலாக்சேன் வகை சீலர்கள் துளைக்குள் ஊறி அதன் சுவர்களை மட்டும் நீர் ஒட்டாதவையாக்குகின்றன; ஆவிக்குத் துளை திறந்தே இருக்கும். பளபளப்பு வராது, கல்லின் நிறம் பெரிதாக மாறாது. அதையும் புதுக்கல்லின் வெள்ளைப் பூப்பு அடங்கியபின், நன்றாகக் காய்ந்த நாளில் அடிக்க வேண்டும். ஐந்தடியின் பழைய சுட்ட மண் ஓட்டுக்கோ அதுவும் ஆகாது: பூசிய அடுக்குக்குப் பின்னால் உப்பு தங்கி ஓட்டின் முகத்தைப் பெயர்த்துவிடும்.

ஆகவே பினாங்கு வாசலுக்கு முதல் செலவு சரிவுக்கும் வடிகாலுக்கும். கல் நன்றாக வடிந்து காய்கிறதென்றால் சீலர் வாங்காமலே இருக்கலாம். கறைக்கும் பாசிக்கும் பயந்து வாங்குவதென்றால், தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்பதோடு, ஆவியை எவ்வளவு விடும் என்பதையும் டப்பாவின் விவரத்தாளில் பார்த்தே வாங்க வேண்டும்.