கரியில் ஓடிய லாரி

சென்ற விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் வீட்டு வாசலில் ஒரே ரகளை. தாத்தா வாங்கிய பழைய லாரிக்கு அப்பாவும் சித்தப்பாவும் பவர் ஸ்டியரிங் மாட்டிக் கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர், "இதெல்லாம் ஒரு வேலையாப்பா? எங்க அப்பா காலத்துல பெட்ரோல் வண்டியையே கரி வண்டியாக்கி ஓட்டுனாங்க" என்றார். கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். தேடிப் படித்த பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மழையை நம்பிய வறண்ட பூமி. இந்த வழியாக ரயில் வந்ததே 1960-களில்தான். அதுவரை பருத்தியோ மிளகாயோ விருதுநகர், மதுரை போய்ச் சேர மாட்டு வண்டியையும் லாரியையும் விட்டால் வேறு வழியில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-ல் பெட்ரோலுக்கு ரேஷன். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. லாரி நின்றால் பிழைப்பும் நின்றுவிடும். அப்போது கைகொடுத்ததுதான் 'கேஸ் பிளாண்ட்'. 1911-ல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் போர்க்காலத்தில் இதைத் தயாரித்தது.

வண்டியோடு ஓர் இரும்பு உருளையைப் பொருத்துவார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு வாயு கிடைக்கும். அதை வடிகட்டி, குளிர வைத்து, காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான், பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓடும்!

சொல்ல எளிது, ஓட்டுவது கஷ்டம். காலையில் நெருப்பு மூட்டி, விசிறி சுற்றி, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வாயுவில் சுமார் பாதி எரியாத நைட்ரஜன் என்பதால் இன்ஜினின் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மேட்டைக் கண்டால் வண்டி திணறும். சாம்பலையும் வடிகட்டியையும் அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் சிலிண்டர் தேய்ந்து போகும். குழாய் கசிந்தாலோ உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.

போர் முடிந்து பெட்ரோல் திரும்ப வந்ததும் கரி உருளைகள் காயலான் கடைக்குப் போயின. ஆனால் வண்டியைப் பிரித்து மாட்டப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? 1950-களில் டீசல் மலிவாக இருந்தது. புது லாரிக்கோ பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே பழைய பெட்ரோல் லாரிகளில் பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். சென்னை சிம்ப்சன் நிறுவனம் அதை இங்கேயே தயாரித்தது. டீசல் இன்ஜின் எடை அதிகம், சுற்றும் வேகம் குறைவு. அதனால் இன்ஜின் உட்காரும் இடத்திலிருந்து முன் பட்டா வரை பலவற்றை மாற்ற வேண்டியிருந்தது. சேஸ் மட்டும் பழையது!

இன்று 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, இன்ஜினை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வேண்டும். பாதுகாப்புக்கு அது நியாயமே. ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கோளாறைக் கண்டுபிடிக்கவே கணினி வேண்டும். புகை குறைகிறது, நல்லதுதான். கூடவே வீட்டு வாசலில் ஸ்பானரோடு உட்காருபவரின் அறிவும் மதிப்பிழக்கிறது. அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் என் கவலை.

இன்னொரு வேடிக்கை. இன்று எங்கள் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் லாரியை ஓட்டிய கரி, இப்போது லாரியில் ஏறி வெளியூர் போகிறது!

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஓட்டிய பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். நான் அந்தப் பெரியவரிடமிருந்து ஆரம்பித்துவிட்டேன்.